ஒரே ஆண்டெனா, மூன்று டிவி: மலேசிய வரிசை வீட்டில் அலையைப் பங்கிடும் முழுமையான வழிகாட்டி

கூரையில் ஆண்டெனா, வரவேற்பறையில் டிவி. படம் சுத்தமாக வருகிறது. மாடி அறைக்கும் சமையலறைக்கும் அதே கேபிளைப் பிரித்துக் கொடுத்ததும் மூன்றிலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கடைக்கு ஓடிப் போய், அலையைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி டிவிக்குப் பின்னால் மாட்டினால், இருந்த சேனல்களும் காணாமல் போகின்றன. பொருள்கள் கெட்டுப்போனதால் இப்படி ஆவதில்லை. வேலையைச் செய்த வரிசை தலைகீழாக இருப்பதுதான் காரணம்.

கீழே உள்ளவை மாடி வைத்த வரிசை வீட்டுக்கும், மைடிவி வழியாக வரும் இலவச டிஜிட்டல் ஒளிபரப்புக்கும் பொருந்தும். டிவி1, டிவி2, டிவி3 போன்றவை அதில் வருபவை. ஆஸ்ட்ரோ தட்டுக்கு இந்த முறை செல்லாது. ஏன் என்பது 6-ஆம் பகுதியில்.

1. பிரிப்பதற்கு முன் ஒரு டிவியில் சரிபாருங்கள்

பிரித்த பிறகு அலை கூடாது, குறையத்தான் செய்யும். ஆகவே ஒரு டிவிக்கே தட்டுத்தடுமாறி வரும் அலையை மூன்றுக்குப் பிரிப்பதில் பயனில்லை.

ஆண்டெனா கேபிளை நேராக ஒரு டிவியில் செருகி, அமைப்புகளில் சிக்னல் பக்கத்தைத் திறங்கள். இரண்டு கோடுகள் இருக்கும்: ஒன்று வலிமை, மற்றொன்று தரம். புதியவர்கள் வலிமைக் கோட்டையே பார்க்கிறார்கள். நீங்கள் தரத்தைப் பாருங்கள். இரைச்சலும், அதாவது வேண்டாத அலைகளும், சேர்ந்து வந்தால் வலிமை ஏறும், தரம் ஏறாது. எல்லாச் சேனல்களிலும் தரம் ஆடாமல் உச்சத்தருகே நிற்க வேண்டும். ஒவ்வொன்றின் எண்ணையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பின்னால் கோளாறு தேடும்போது ஒப்பிடுவதற்கு இந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

தரம் போதவில்லையா? முதலில் ஆண்டெனாவைக் கவனியுங்கள். அனலாக் காலத்தில் போட்ட, கைகள் நீண்ட பழைய ஆண்டெனா விஎச்எஃப் அலைக்கானது. டிஜிட்டல் அலை யூஎச்எஃப்பில் வருகிறது. அதற்குக் குட்டையான கைகள் வரிசையாக உள்ள ஆண்டெனா வேண்டும். அது ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் மலையைப் பார்க்க வேண்டும்: கெடாவில் குனோங் ஜெராய், மலாக்கா பக்கம் குனோங் லேடாங், ஜொகூர் பாருவில் குனோங் பூலாய் என்பது போல. கைகள் படுக்கையாக இருக்க வேண்டுமா, நிமிர்ந்து இருக்க வேண்டுமா என்பதை, நன்றாகப் படம் வரும் பக்கத்து வீட்டு ஆண்டெனாவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கொஞ்சம் திருப்பி, சில விநாடி பொறுத்து, எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி திருப்புங்கள். டிஜிட்டல் பெட்டி தரத்தைக் கணக்கிட நேரம் எடுக்கும். கையை எடுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் நல்ல இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

2. எவ்வளவு இழப்போம் என்ற கணக்கு

அலையின் இழப்பை டெசிபெல் என்ற அளவில் சொல்வார்கள். 3 டெசிபெல் இழந்தால் அலையின் ஆற்றல் பாதி. இந்த ஒன்று தெரிந்தால் மீதி வெறும் கூட்டல்.

ஒரு கேபிளின் அலையைப் பல கேபிள்களுக்குப் பிரிக்கும் சிறு பெட்டிதான் ஸ்பிளிட்டர். இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு வாயிலிலும் 3.5 முதல் 4 டெசிபெல் வரை எடுத்துக்கொள்ளும். சமமாகப் பிரிக்கும் மூன்று வழிக்கு ஏறக்குறைய 6, நான்கு வழிக்கு 7 முதல் 8, எட்டு வழிக்கு 11-க்கு மேல். ஆர்ஜி-6 எனும் தடித்த ஆண்டெனா கேபிள் இந்த அலைவரிசையில் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபெல் தின்னும். இணைப்பு முனைகள், சுவர்ப் பிளக் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 வைத்துக்கொள்ளுங்கள்.

வரவேற்பறை டிவிக்கு ஏற்கெனவே வரும் கேபிளில் ஓர் இழப்பு இருக்கிறது. அதையும் தாங்கித்தான் அது ஓடுகிறது. எனவே கூடுதல் இழப்பை மட்டும் எண்ணினால் போதும். மூன்று வழி ஸ்பிளிட்டருக்கு 6, மாடி அறைக்குப் போகும் கேபிள் வரவேற்பறைக் கேபிளைவிட 10 மீட்டர் நீளமென்றால் 2. ஆக 8 டெசிபெல். ஆற்றல் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் நல்ல இடத்தில் உள்ள வெளி ஆண்டெனாவுக்கு இது பெரிய இழப்பே இல்லை.

டிஜிட்டலில் ஒரு குணம் உண்டு. அனலாக்கில் அலை குறையக் குறையப் படத்தில் புள்ளி கூடும், எச்சரிக்கை கிடைக்கும். டிஜிட்டலில் கடைசி வரை படம் பளிச்சென்று இருக்கும். எல்லைக்குக் கீழே ஒரு டெசிபெல் போனால் மொத்தமும் உறைந்துவிடும். இப்போது நன்றாக ஓடுவதால் நிறைய மிச்சம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. எவ்வளவு மிச்சம் என்பதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

3. கேபிள் இழுக்கும் முன் ஒரு ஒத்திகை

பெரும்பாலானோர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். செலவு சில ரிங்கிட். மிச்சமாவது சிலிங்கில் ஏறி இறங்கும் ஒரு நாள்.

நான்கு வழி ஸ்பிளிட்டர் ஒன்றை வாங்குங்கள். ஆண்டெனா கேபிளை அதன் உள்வாயிலில் மாட்டி, ஒரு வெளிவாயிலில் இருந்து வரவேற்பறை டிவிக்கு ஒரு சிறு கேபிள் கொடுங்கள். மீதி மூன்று வாயில்களிலும், அலை மோதித் திரும்பாமல் தடுக்கும் 75 ஓம் மூடி போடுங்கள். நான்கு வழி ஸ்பிளிட்டர் எடுக்கும் 7 முதல் 8 டெசிபெல், மூன்று வழியும் 10 மீட்டர் கேபிளும் சேர்ந்து எடுப்பதற்குச் சமம். அதாவது, மாடி அறை டிவியின் நிலைமையை வரவேற்பறையிலேயே உருவாக்கிவிட்டீர்கள்.

இப்படியே இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஒரு மாலை மழையாவது இடையில் வரட்டும்; நம் ஊரில் காத்திருக்க வேண்டியிருக்காது. தரக் கோடு இறங்காமல், படம் உறையாமல் ஓடினால் பூஸ்டர் தேவையில்லை. ஏதாவது ஒரு சேனல் திணறினால் பூஸ்டர் வேண்டும். 7-ஆம் பகுதியைப் படித்த பிறகு கேபிளைத் திட்டமிடுங்கள். ஸ்பிளிட்டர் போட்டதும் தரம் முன்பைவிட உயர்ந்தால் வியக்க வேண்டாம். கோபுரத்துக்கு மிக அருகில் இருக்கும் வீடுகளில் அலை மிகுந்து, டிவிக்குள் அலையை வாங்கும் டியூனரையே திணறடிக்கும்; பிரித்ததும் அதற்கு மூச்சு வரும்.

4. வாங்க வேண்டியவை

ஸ்பிளிட்டர்: எத்தனை டிவியோ அத்தனை வழி மட்டும். "நாளைக்கு இன்னொரு டிவி வந்தால்?" என்று எட்டு வழி வாங்குகிறவர்கள் இன்றைக்கே 5 டெசிபெலைத் தானம் செய்கிறார்கள். மேலே 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் போதும். மூன்று வழி வாங்கும்போது ஒவ்வொரு வாயிலுக்கும் பக்கத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். சிலவற்றில் மூன்றும் சமம். சிலவற்றில் ஒரு வாயிலில் 3.5, மற்ற இரண்டில் 7. இரண்டாவது வகை கிடைத்தால் 3.5 வாயிலை மிக நீளமான கேபிளுக்குக் கொடுங்கள்.

கேபிள்: ஆர்ஜி-6. வெளித்தோலுக்குள் இருக்கும் கம்பிப் பின்னலுக்கு அடியில் அலுமினியத் தாளும் இருக்க வேண்டும். கைப்பேசிக் கோபுர அலையைத் தடுப்பதில் அந்தத் தாளுக்குப் பெரும் பங்கு. பழைய வீடுகளில் ஏற்கெனவே ஓடும் மெல்லிய கேபிள் இழப்பும் கூடியது, தடுப்பும் குறைந்தது. சுவருக்குள் புதைந்திருந்தால் சோதித்துப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். வெளியே இருந்தால் மாற்றிவிடுங்கள்.

முனைகள்: ஆர்ஜி-6 அளவுக்கான எஃப் கனெக்டர். அழுத்திப் பொருத்தும் வகையே நல்லது. திருகி ஏற்றும் வகை மலிவு. கூரைக்கு மேலே அதைப் போடாதீர்கள், ஓரிரு மழைக்காலத்தில் தண்ணீர் புகும். டிவிக்குப் பின்னால் இருப்பது தள்ளிச் செருகும் வகை என்பதால் ஒவ்வொரு டிவிக்கும் ஒரு மாற்றுமுனை வேண்டும். உபரி வாயில்களுக்கு 75 ஓம் மூடிகள், மழைக்குத் தாங்கும் ரப்பர் நாடா, ஒரு சாதாரண மல்டிமீட்டர்.

டிவி பழையதா என்றும் பாருங்கள். இந்த டிஜிட்டல் ஒளிபரப்பை வாங்கும் டிவிபி-டி2 டியூனர் உள்ளே இல்லாத டிவிக்குத் தனி டிகோடர் வேண்டும். ஒரு டிகோடரின் எச்டிஎம்ஐ வெளியீட்டை மூன்றாகப் பிரித்தால் மூன்று டிவியிலும் ஒரே சேனல்தான் ஓடும். அப்பா செய்தி பார்க்க, பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்க வேண்டுமென்றால் ஆண்டெனா அலையைத்தான் பிரிக்க வேண்டும்.

5. முனை போடுதல்

"பிரித்ததிலிருந்து ஒரு அறையில் மட்டும் வரவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இங்கே பிறக்கின்றன. அவசரப்படாதீர்கள்.

கேபிளின் நுனியிலிருந்து ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் வெளித்தோலை உரியுங்கள். பின்னல் கம்பிகளை ஒன்று விடாமல் பின்னோக்கித் தோல் மேல் மடியுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளை அப்படியே விடுங்கள். பிறகு நுனியில் பாதி அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர், வெள்ளை நுரையையும் அதன் மேல் உள்ள தாளையும் வெட்டி நடுக்கம்பியைக் காட்டுங்கள். நடுக்கம்பியில் கத்தி பட்டுக் கீறக்கூடாது. அது பெரும்பாலும் எஃகின் மேல் செம்பு பூசியது. அலை அந்தச் செம்புப் பூச்சில்தான் ஓடுகிறது.

கனெக்டரை நேராகத் தள்ளுங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளை நுரை அடித்தளத்தோடு சமமாக இருக்க வேண்டும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மில்லிமீட்டர் நீட்ட வேண்டும். குறைவாக நீட்டினால் தொடாது. கூடுதலாக நீட்டினால் ஸ்பிளிட்டரின் உட்பிடியை வளைத்துவிடும்.

பின்னலில் ஒரு மயிரிழைக் கம்பி நடுக்கம்பியைத் தொட்டால் போதும், அந்தக் கேபிள் செத்தது. இதைக் கண்ணால் நம்பாமல் மீட்டரால் பாருங்கள். இரு முனையும் எதிலும் மாட்டாமல் இருக்கும்போது நடுக்கம்பிக்கும் கனெக்டரின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காட்டக்கூடாது. பிறகு ஒரு முனையில் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு மறுமுனையில் அளந்தால் சில ஓம் காட்ட வேண்டும். முதல் சோதனை குறுக்குத் தொடர்பையும், இரண்டாவது அறுந்த கம்பியையும் காட்டிக்கொடுக்கும். சுவரில் ஏற்றும் முன்பே ஒவ்வொரு கேபிளையும் இப்படிச் சோதித்து, இரு முனையிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

6. இணைக்கும் வரிசை

வேலை தொடங்கும் முன் எல்லா டிவிகளின் மின் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. பல டிவிகளில் மின்பகுதியிலிருந்து சிறு கசிவு கேபிளின் உடலுக்கு வரும். மூன்று டிவிகளின் கேபிளும் ஒரே ஸ்பிளிட்டரில் சேரும்போது கையில் சுருக்கென்று தெரியும். ஆளைக் கொல்லும் அளவு இல்லை; ஆனால் ஏணியில் நிற்கிறவரைத் தடுமாறச் செய்யும்.

ஸ்பிளிட்டருக்கு நல்ல இடம், எல்லா அறைகளுக்கும் நடுவில், பிற்பாடும் எளிதில் கை எட்டும் இடம். மாடிக் கூடத்தின் சிலிங் திறப்புக்குப் பக்கத்தில் வைப்பது வசதி. ஓட்டுக்கு நேர் கீழே ஆழமாகத் தள்ளிவிட்டால் ஒரு முனை தளர்ந்தாலும் பல்லியோடும் தூசியோடும் தவழ வேண்டிவரும்.

ஆண்டெனாவிலிருந்து ஒரே கேபிள் ஸ்பிளிட்டரின் உள்வாயிலுக்கு. அங்கிருந்து ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனிக் கேபிள். ஒரு டிவியில் இருந்து அடுத்த டிவிக்கு, அலையை மறுபடி வெளியே விடும் டிகோடரின் லூப் வாயில் வழியாகத் தொடர்வண்டி போல இழுக்காதீர்கள். முதல் பெட்டியை அணைத்தால் சில மாடல்களில் பின்னால் உள்ளதும் இருண்டுவிடும். இரண்டு ஸ்பிளிட்டரை அடுத்தடுத்துப் போடுவதும் அவசியமானால் மட்டும். பின்வரிசை டிவிக்கு இரண்டின் இழப்பும் சேரும்.

கேபிளைக் கைவிரல் முட்டி அளவுக்குச் சுருக்கி மடக்காதீர்கள். மின்சாரக் கம்பியோடு ஒரே குழாயில் ஓட்டாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். வெளியே இருந்து உள்ளே நுழையும் இடத்தில் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு நுழையுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டும், வீட்டுக்குள் வராது. காலியான வாயிலை மூடாமல் விட்டால் அலை அங்கே மோதித் திரும்பி மற்ற வாயில்களைக் கலக்கும்; மூடி போடுங்கள்.

ஆஸ்ட்ரோ கேபிளில் இந்த ஸ்பிளிட்டரைச் செருகாதீர்கள். தட்டிலிருந்து வரும் அலை 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுகிறது. தட்டின் தலையில் அலையை வாங்கும் எல்என்பி கருவிக்கு மின்சாரமும் அதே கேபிளில் பெட்டியிலிருந்து ஏறுகிறது. சாதாரண ஸ்பிளிட்டர் அந்த மின்சாரத்தைத் தடுக்கும் அல்லது குறுக்கிணைக்கும். ஆஸ்ட்ரோவை நிறுத்திவிட்ட வீட்டில் அந்தப் பழைய ஆர்ஜி-6 கேபிளை மட்டும் ஆண்டெனாவுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தட்டிலிருந்து முழுதாகக் கழற்றிய பிறகுதான்.

இரும்புக் கம்பத்தில் நிற்கும் ஆண்டெனாவை வீட்டின் நிலக்கம்பியோடு இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். இடி முழங்கும் பிற்பகல்களில் கூரை ஏறவே வேண்டாம்.

7. ஒத்திகையில் தோற்றால்: பூஸ்டர்

பூஸ்டர் புதிதாக அலையை உண்டாக்காது. வந்ததைப் பெருக்கும், கூடவே இரைச்சலையும் பெருக்கும், தன் இரைச்சலையும் சேர்க்கும். ஆகவே அலை சுத்தமாக இருக்கும் இடத்தில், அதாவது ஆண்டெனாவுக்குப் பக்கத்தில், கம்பத்திலேயே அதை வைக்க வேண்டும். கேபிளிலும் ஸ்பிளிட்டரிலும் ஏற்படப்போகும் இழப்பை முன்கூட்டியே ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. டிவிக்குப் பின்னால் வைத்தால், ஏற்கெனவே இரைச்சலில் மூழ்கிய அலையைத்தான் அது பெருக்கும்.

மொத்த இழப்பைக் கூட்டுங்கள்: கூரையிலிருந்து ஸ்பிளிட்டருக்கு 2, ஸ்பிளிட்டர் 6, நீண்ட கேபிள் 3, முனைகள் 1. ஆக 12. இதற்கு 15 டெசிபெல் பூஸ்டர் பொருத்தம். கடைக்காரர் 30, 40 என்று எடுத்துக் காட்டுவார். பெரிய எண் நல்லதென்று தோன்றும். மிகைப் பெருக்கம் பூஸ்டரையே திணறடித்துச் சேனல்களை அழிக்கும். பூஸ்டர் தானே சேர்க்கும் இரைச்சலைக் காட்ட, அட்டைப்பெட்டியில் இரைச்சல் எண் என்று ஒன்று போட்டிருப்பார்கள். அது 3 டெசிபெலுக்குக் கீழே இருக்கட்டும். 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டும் வடிகட்டி உள்ள மாடலே நல்லது. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை இப்போது கைப்பேசிக்கு உரியது, அதையும் சேர்த்துப் பெருக்குவதால் தொல்லைதான்.

கம்பத்தில் உள்ள பூஸ்டருக்கு மின்சாரம் ஒரு சிறு பெட்டி வழியாக, அதே கேபிளில் மேலேறும். அந்தப் பெட்டியைப் பூஸ்டருக்கும் ஸ்பிளிட்டருக்கும் நடுவில் வையுங்கள். ஸ்பிளிட்டருக்குப் பிறகு, டிவி அருகில் வைத்தால் மின்சாரம் ஸ்பிளிட்டரைத் தாண்ட வேண்டும். மின்சாரம் கடக்க விடும் வாயில் இல்லாத ஸ்பிளிட்டரில் அது அங்கேயே நின்றுவிடும். சக்தியில்லாத பூஸ்டர் அலையைப் பெருக்காததோடு அடைத்தும் விடும். பெட்டியின் ஆண்டெனாப் பக்கம், டிவிப் பக்கம் இரண்டையும் மாற்றி மாட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. சந்தேகமிருந்தால் பூஸ்டரில் ஏறும் கேபிள் நுனியில் மீட்டரை வையுங்கள். பெட்டியில் எழுதிய வோல்ட், பெரும்பாலும் 12, அங்கே தெரிய வேண்டும்.

அந்தப் பெட்டியைச் சூடேறும் கூரைக்கடியில் போடாதீர்கள். வெப்பத்தில் முதலில் போவது அதுதான்.

8. சேனல் தேடல்

மூன்று டிவியிலும் பழைய பட்டியலை அழித்துவிட்டு, நாடு மலேசியா என்று வைத்து, ஆண்டெனா என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேடச் சொல்லுங்கள். கேபிள் என்று இருந்தால் ஒன்றும் கிடைக்காது. எல்லா இணைப்பும் முடிந்த பிறகே தேடுங்கள். பாதி வேலையில் தேடினால் அந்நேரம் பலவீனமாக இருந்த சேனல்கள் பட்டியலிலேயே சேராது. பிறகு அலை சரியானாலும் அவை வராது.

9. கோளாறு தேடுதல்

முதல் கேள்வி ஒன்றே: எல்லா டிவியிலுமா, ஒன்றில் மட்டுமா?

எல்லாவற்றிலும் என்றால் ஸ்பிளிட்டருக்கு முன்னால் தேடுங்கள். பூஸ்டர் பெட்டியின் விளக்கு, கூரை முனையில் தண்ணீர், காற்றில் திரும்பிய ஆண்டெனா. மழை பெய்த மறுநாள் மட்டும் மோசமாகி வெயில் ஏறியதும் சரியானால் தண்ணீர்தான். கூரை முனையைக் கழற்றிப் பாருங்கள்; செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் பளபளப்பு தெரியும் வரை கேபிளை வெட்டி, புது முனை போட்டு ரப்பர் நாடா சுற்றுங்கள்.

ஒன்றில் மட்டும் என்றால், ஸ்பிளிட்டரில் அந்த அறையின் கேபிளையும் நன்றாக ஓடும் அறையின் கேபிளையும் இடம் மாற்றுங்கள். கோளாறு வாயிலோடு மற்ற அறைக்குப் போனால் ஸ்பிளிட்டர் குற்றவாளி. அதே அறையில் நின்றால் கேபிள், முனை, அல்லது டிவி. நல்ல டிவியை அந்த அறைக்குத் தூக்கிப் போய்ச் செருகினால் மீதியும் தெளியும்.

ஒரு டிவியைப் போடும்போது மட்டும் மற்றதில் படம் உடைந்தால் அந்த டிவியோ டிகோடரோ கேபிளுக்குள் இரைச்சலைத் தள்ளுகிறது. தரமில்லாத எச்டிஎம்ஐ கேபிளும் அதைச் செய்யும். முதலில் அதை மாற்றுங்கள். அறையில் மலிவான எல்இடி விளக்கைப் போட்டதும் படம் உறைந்தால் விளக்கை மாற்றுங்கள்.

பூஸ்டர் போட்ட பிறகு சேனல்கள் குறைந்தால் மேலும் பெரிய பூஸ்டர் வாங்காதீர்கள். பெருக்கத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் கடைசி வரை குறைத்துவிட்டு, தரக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கோடு உச்சம் தொட்டு மறுபடி இறங்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். திருகு இல்லாத மாடலென்றால், பூஸ்டரைக் கழற்றிவிட்டு, முதல் நாள் தாளில் குறித்த எண்களோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது தேவைப்பட்டே இருக்காது.